ஹார்மோன் ஊசி வேண்டாம், புண்ணாக்கைக் கூட்டுங்கள்

கேள்வி: அரை ஏக்கர் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் கலந்து 2,000 குஞ்சுகள் விட்டு எட்டு மாதம் ஆகிறது. ஐந்து பங்கு தவிட்டுக்கு ஒரு பங்கு கடலைப் புண்ணாக்கு கலந்து போடுகிறேன். மீன் கால் கிலோவிலேயே நிற்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் எடை ஏறும் என்கிறார்கள். போடலாமா? (திருவாரூர் மாவட்ட விவசாயி)

பதில்: வேண்டாம் ஐயா. உங்கள் மீனுக்கு அந்த ஹார்மோனில் குறை இருக்காது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். அரைப்பட்டினி கிடக்கும் மீனின் ரத்தத்தில் அது வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் அந்த ஹார்மோன் கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு பொருள் சுரந்தால்தான் சதை வைக்கும். தீனியில் புரதம் போதாவிட்டால் கல்லீரல் அதைச் சரியாகச் சுரக்காது. அப்போது வளர்ச்சி ஹார்மோன், இருக்கிற கொழுப்பைக் கரைத்து உயிரைக் காப்பாற்றும் வேலைக்குத் திரும்பிவிடும். இந்த நிலையில் வெளியிலிருந்து ஊசி போட்டு என்ன ஆகும்? காசுதான் போகும்.

பொரிப்பகங்களில் ஊசி போடுவதைப் பார்த்து இந்த எண்ணம் வந்திருக்கலாம். அது சினை மீனை முட்டையிட வைக்கும் ஊசி. 1957-ல் ஒடிசாவில் மீன்வள விஞ்ஞானி ஹிராலால் சவுத்ரி பிட்யூட்டரிச் சாற்றைப் போட்டு வெற்றி கண்ட முறை அது. எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் கலவையில் புரதம் ஏறக்குறைய 17 சதவீதம்தான் வரும். வளரும் கெண்டைக்கு 25 சதவீதத்துக்கு மேல் வேண்டும். தவிடும் புண்ணாக்கும் சரிபாதி கலந்தாலே அது கிடைத்துவிடும். புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தால் தொடவே தொடாதீர்கள். பூசணத்தின் நஞ்சு முதலில் கெடுப்பது கல்லீரலைத்தான்.

வயதைப் பற்றியும் கவலை வேண்டாம். சினைக்கு வந்த பிறகு தின்பதில் பெரும்பங்கு முட்டைக்கும் விந்துக்கும் போய்விடும், சதை மெதுவாகத்தான் ஏறும். ரோகு பொதுவாக இரண்டாம் வருடத்தில்தான் சினைக்கு வரும். உங்களுடையது எட்டு மாத மீன், இன்னும் வளரும் வயது. பசியில் நின்றுபோன இளம் மீனுக்கு நல்ல தீனி கிடைத்தால் விட்டதைப் பிடிப்பதுபோல் வேகமாக வளரும். ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பக்கம் குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, குறைந்த தீனியில் ஒரு வருடம் நிறுத்தி வைத்து, அப்புறம்தான் பெரிய குளத்தில் விடுகிறார்கள். இதை நம்பித்தான் அப்படிச் செய்கிறார்கள்.

குஞ்சுகளில் 1,600 பிழைத்திருந்தால் குளத்தில் இப்போது 400 கிலோ மீன் இருக்கும். அதில் 3 சதவீதம், அதாவது தினம் 12 கிலோ தீனி. துளையிட்ட சாக்குப் பைகளில் கட்டி, மூங்கிலில் தொங்கவிடுங்கள். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் அன்று தீனியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுங்கள். மாதம் ஒருமுறை வீச்சு வலை போட்டு இருபது மீனை நிறுத்துப் பார்த்து, அந்த எடைக்குத் தக்கபடி தீனியை மாற்றுங்கள். முக்கால் கிலோவைத் தாண்டிய பிறகு 2 சதவீதம் போதும்.