ஐபிக்கு அனுமதி எழுதியும் ஒருவரின் மின்னஞ்சல் மட்டும் ஏன் திரும்பிப் போகிறது?

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருள் ஓடும் சர்வர், 554 5.7.1 என்ற பிழை எண்ணோடு மறுப்பு. பெறுநர் முகவரி சரி. சர்வரின் அனுமதிப் பட்டியலில் அனுப்புபவரின் ஐபிக்கு ‘ஓகே’ எழுதியும் பயனில்லை என்கிறீர்கள்.

பெறுநர் முகவரியைச் சந்தேகிப்பதை விடுங்கள். மறுப்புகளை எல்லாம் பெறுநர் பெயர் வரும் கட்டம்வரை அடக்கிவைத்துச் சொல்வது போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு. அதனால்தான் லொக்கில் (சர்வரின் பதிவேட்டில்) அந்தப் பெயர் வீணாக அடிபடுகிறது. மறுப்புச் செய்தியில் ‘அக்சஸ் டினைட்’ என்பதற்கு முன்னால் நிற்கும் சொற்களைப் பாருங்கள். ‘கிளையண்ட் ஹோஸ்ட் ரிஜெக்டட்’ என்றால் தடுப்பது இணையும் கணினிக்கான பட்டியல். ‘சென்டர் அட்ரஸ் ரிஜெக்டட்’ என்றால் அனுப்புநர் முகவரிக்கான பட்டியல்.

உங்களுடையது முதல் வகை என்றே நினைக்கிறேன். நிலாவெளியில் ஒரு விடுதியின் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே சுற்றுலாப் பருவகாலம். அந்த நேரம் பார்த்து ஒரு கொழும்புப் பயண முகவரின் முன்பதிவுக் கடிதங்கள் வராமல் போயின. எரிதத்தை (ஸ்பேம்) தடுக்க, முன்பு இருந்தவர் ஓர் இணைய நிறுவனத்தின் டொமைன் பெயரையே பட்டியலில் ‘ரிஜெக்ட்’ என்று போட்டிருந்தார். (கொசுவுக்காக வீட்டையே கொளுத்தும் வேலை.) முகவரின் ஐபிக்குரிய பெயர் அதே டொமைனில்தான் முடிந்தது.

ஐபிக்கு எழுதிய ‘ஓகே’ ஏன் உதவவில்லை? போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் கணினியின் முழுப்பெயரைத் தேடும், பிறகு அதன் மேல்டொமைன்களை (பெயரின் முன்பகுதியை ஒவ்வொன்றாக நீக்கினால் எஞ்சுபவை), அதற்குப் பிறகுதான் ஐபியை. டொமைனிலேயே ‘ரிஜெக்ட்’ அகப்பட்டால் உங்கள் வரியை அது எட்டிப்பார்ப்பதே இல்லை. வரிகளை மேலும் கீழும் மாற்றுவதும் வீண். பட்டியலைத் தொகுக்கவும் அதில் தேடவும் உதவும் ‘போஸ்ட்மேப்’ கட்டளை கொண்டு முழுப்பெயரைச் சோதித்தால் ஒன்றும் வராது, ஏனெனில் அது கொடுத்த பெயரை மட்டுமே தேடும். மேல்டொமைனைத் தனியாகக் கொடுத்துப் பாருங்கள்.

அந்த அகலமான தடையை நீக்குவதே சரி. முடியாவிட்டால் கணினியின் முழுப்பெயருக்கு ‘ஓகே’ எழுதுங்கள், அல்லது ஐபிக்கென்று தனிப் பட்டியல் வைத்து அதைக் கிளையண்ட் (இணையும் கணினி) விதிகளில் முன்னால் நிறுத்துங்கள். பெறுநர் விதிகளுக்குள் ‘ஓகே’யைக் கொண்டுபோகாதீர்கள், உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் 2013இல் வந்த 2.10க்கு முந்தைய பதிப்பானால் அந்தக் கணினி உங்கள் சர்வர் வழியாக எவருக்கும் அஞ்சல் அனுப்பலாம் என்றாகிவிடும்.

பட்டியல் ‘ஹாஷ்’ வகையாக (தொகுத்த கோப்பிலிருந்து படிக்கப்படுவது) இருந்தால், திருத்தியபின் ‘போஸ்ட்மேப்’ ஓட்ட வேண்டும். அனுப்புபவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: 554 நிரந்தர மறுப்பு என்பதால் அவருடைய சர்வர் தானாக மறுபடி முயலாது, பழைய கடிதங்களை அவரே திரும்ப அனுப்ப வேண்டும்.