கேம்பிங் வண்டிக்கு ஒரே பேட்டரி போதுமா?

நாகர்கோவிலில் இருந்து டீசல் ஜீப்பில் பேச்சிப்பாறைப் பக்கம் கேம்பிங் போகிறவர், ஸ்டார்ட்டுக்கும் சின்ன ஃபிரிட்ஜுக்கும் ஒரே பேட்டரி போதுமா என்று கேட்கிறீர்கள்.

ஓர் இரவு என்றால் போதும், ஆனால் அது இரட்டைப் பயன் பேட்டரியாக, அதாவது ஸ்டார்ட்டுக்கும் நீண்ட நேரம் கரண்ட் தரவும் ஏற்றதாக இருக்க வேண்டும். சாதாரண பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. ஸ்டார்ட் செய்யும் சில நொடிக்குத்தான் அவை. அடிக்கடி சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். இரட்டைப் பயன் பேட்டரியில் தகடு தடிமன். ஏஜிஎம் வகை (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும் மூடிய பேட்டரி) வாங்குங்கள், மலைப்பாதையில் குலுங்கினாலும் ஆசிட் சிந்தாது.

ஃபிரிட்ஜ் சராசரியாக 2 ஆம்பியர் இழுத்தால் 12 மணி நேரத்துக்கு 24, விளக்குக்கு ஒரு 5. மொத்தம் 29 ஆம்பியர்-அவர். 75 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதிகூட இறங்காது. அதன் சிசிஏ எண் (குளிரில் ஸ்டார்ட் செய்ய எவ்வளவு ஆம்பியர் தரும் என்பது) மட்டும் பழையதைவிடக் குறையக் கூடாது. இரண்டு இரவு ஒரே இடத்தில் என்றால் தனி பேட்டரிதான் சரி.

அப்புறம், முட்டம் கடற்கரையில் நிறுத்துவீர்களா? உப்புக்காற்று டெர்மினலைத் தின்றுவிடும், கொஞ்சம் வாசலின் தடவி வையுங்கள்.