நாட்டுப்புற ஆட்டத்தை அழியவிடாமல் காத்துவரும் பெண்களில் நீங்கள் கொண்டாட விரும்புவது யாரை?

யோசிக்கவே வேண்டியதில்லை. எங்கள் பின்தெரு அக்காதான். மதுரைப் பக்கம் கரகாட்டம் ஆடுகிறவர். பெயரைப் போட வேண்டாம் என்றார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

பங்குனி பிறந்துவிட்டால் பொழுது சாயும் நேரத்தில் வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். மறுநாள் பால்காரர் மணியடிக்கும் நேரத்துக்கு, அழிந்தும் அழியாத மேக்கப்போடு வந்து இறங்குவார். சித்திரை, வைகாசி, ஆடி வரை இப்படித்தான். அதற்கப்புறம் மாதக்கணக்கில் வீட்டோடு கிடப்பார். சின்ன வயதில் அவர் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவர் வீட்டுக்குப் போகாதே என்று சொன்னவர்களும் உண்டு.

பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அவர் கரகம் ஜோடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பித்தளைச் செம்பு. அதற்குள் அரிசியும் மணலும் போட்டார். கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஒரு பிடி எடுத்து வெளியே கொட்டினார், மறுபடி கொஞ்சம் போட்டார். நான், "இவ்வளவு கனமா வச்சா கழுத்து வலிக்காதாக்கா?" என்றேன். "கனம் இருந்தாத்தான் பாப்பா தலையில உக்காரும். வெறுஞ்செம்பு நிக்காது, ஓடிரும்" என்றார். செம்பின் வாயில் கூம்பு, அதைச் சுற்றிச் சரிகைத்தாளும் பூவும், உச்சியில் ஒரு கிளி. கம்பியில் லேசாகச் செருகியிருப்பதால் கிளி தானாகத் திரும்பும். சுழன்று ஆடும்போது செம்பு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், கிளி மட்டும் சுற்ற வேண்டும். அன்றைக்கு ராத்திரி எங்கள் ஊர்த் திருவிழாவில்தான் அவர் ஆடினார். முதல் தடவையாக நான் அவர் உடையைப் பார்க்கவில்லை, கிளியைப் பார்த்தேன்.

பார்க்கத் தெரிந்தபின் அந்த ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே மழை கொட்டுகிற வேகம், கழுத்துக்கு மேலே சலனமே இல்லை. இடைப்பட்ட உடம்பு அந்த அதிர்வையெல்லாம் வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்கிறது. நையாண்டி மேளம்தான் கூட வாசிக்கும்: நாகஸ்வரம், தவில், பம்பை, உறுமி, தமுக்கு. தவில்காரர் ஒரு அடியைப் போட்டு நிறுத்துவார், அக்கா அதைக் காலில் திருப்பிக் கொடுப்பார். அவர் இன்னும் கடினமாக ஒன்று போடுவார், இவர் அதையும் கொடுத்துவிட்டு மேலே ஒரு சுற்றுச் சுற்றுவார். ஜனம் விசிலடிப்பது அப்போதுதான். தாம்பாளத்தின் விளிம்பில் நின்று ஆடுவது, ஏணியில் ஏறி ஆடுவது, பின்பக்கமாக வளைந்து தரையில் கிடக்கும் ஊசியை எடுப்பது எல்லாம் பிறகு வரும். எனக்கு அந்தச் சாகசங்களைவிடத் தவிலோடு நடக்கும் பேச்சுவார்த்தைதான் பிடிக்கும்.

கரகத்தில் இரண்டு வகை. கோயிலில் வேப்பிலை சாத்தி, விரதம் இருந்து எடுப்பது சக்தி கரகம். ஊர் கூடிப் பார்க்க ஆடுவது ஆட்டக் கரகம். சக்தி கரகம் தெருவில் வந்தால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காலில் விழுகிறோம். ஆட்டக் கரகம் சுமந்து வருகிறவளை எப்படிப் பார்க்கிறோம், அவளிடம் எப்படிப் பேசுகிறோம் என்பது திருவிழா பார்த்த எல்லோருக்கும் தெரியும். இத்தனைக்கும் சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் குடக்கூத்தும் ஒன்று. மேடையில் அதைப் பெருமையாகச் சொல்கிறோம், குடத்தை இன்றைக்கும் தலையில் வைத்து ஆடுகிறவளுக்கு உடை மாற்ற ஓர் அறை கொடுப்பதில்லை.

அறை என்று சொன்னது சும்மா இல்லை. பெரும்பாலான ஊர்களில் வேனுக்குப் பின்னால் இரண்டு சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டுதான் அலங்காரம். கழிப்பறை இருக்காது. அக்கா ஆட்டம் உள்ள நாட்களில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டார். இரவு பத்து மணியிலிருந்து விடியற்காலை வரை, வியர்வை கொட்டக் கொட்ட, அந்த வறண்ட தொண்டையோடு ஆடுவார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இப்படித்தான் என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

ஆட்டம் ஆபாசமாகிவிட்டது என்று சொல்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒருமுறை அக்காவோடு நானும் வேனில் போயிருந்தேன். ஊர் பேர் வேண்டாம். முதல் ஒரு மணி நேரம் அம்மன் பாட்டும் தெம்மாங்கும் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கமிட்டி ஆட்களிடமிருந்துதான், "சினிமாப் பாட்டு போடு, நல்லா ஆடச் சொல்லு" என்று சீட்டு வந்தது. அக்கா பாட்டை மாற்றினார், ஆட்டத்தை மாற்றவில்லை. காலையில் பேசிய தொகையில் பாதியை நிறுத்திவிட்டு, "கூட்டம் ரசிக்கல" என்றார்கள். அக்கா கத்தவில்லை, அழவுமில்லை. கோயில் வாசலிலேயே செம்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறும்வரை அசையவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் வந்து கமிட்டியை வைததற்கு அப்புறம்தான் மீதிப் பணம் வந்தது. அந்தப் பெண்களையும் நான் மறக்கவில்லை.

2020-ல் ஊரடங்கு வந்தது மார்ச் கடைசியில், அதாவது சரியாகப் பங்குனியில். வருஷச் சம்பாத்தியம் முழுக்க அந்த மூன்று நான்கு மாதத்தில்தான். அடுத்த வருஷமும் திருவிழாக்கள் நின்றுபோயின. நிறையப் பேர் செம்பைப் பரணில் போட்டுவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போனார்கள். அக்காவும் போனார். ஆனால் ராத்திரி வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ஜோடிக்காத செம்பைத் தலையில் வைத்து அரை மணி நேரம் நடப்பார். விட்டுவிட்டால் கழுத்து மறந்துபோகுமாம்.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2007-லிருந்தே தமிழ்நாட்டில் நல வாரியம் இருக்கிறது. அக்கா அதில் சேர்ந்திருக்கவில்லை. அந்த ஊரடங்கு நாட்களில் அவருக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்தது நான். தொழில் என்ற இடம் வந்ததும், "கூலின்னு போடு" என்றார். அதுவரை எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். நான் கரகாட்டக் கலைஞர் என்று எழுதி வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அக்காவைப் பற்றி எழுதும்போது எங்கள் வீட்டுக் கிழவிகளையும் விட மனசில்லை. அவர்களை யாரும் கலைஞர் என்று சொன்னதே கிடையாது. முளைப்பாரி போட்டால், நவதானியம் தூவிய ஓடுகளை வெளிச்சம் படாத ஒரு வீட்டில் வைப்பார்கள். பயிர் வெளிறிய மஞ்சளில் நெட்டுக்குத்தலாக வளரும். அது வளர்கிற நாட்கள் முழுக்க ராத்திரி ராத்திரி பெண்கள் கூடிக் கும்மியடிக்க வேண்டும். எங்கள் அப்பத்தா நடுவில் நின்று அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குனியும்போது ஒரு தட்டு, நிமிரும்போது ஒரு தட்டு, பக்கத்து ஆளைப் பார்த்துத் திரும்பும்போது ஒரு தட்டு. எழுபது வயதிலும் ஒரு தட்டு பிசகாது. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டு எல்லாம் அந்தக் கையில்தான் இருந்தது. கையைத் தட்டாமல் சொல்லச் சொன்னால் நாலாவது வரியில் நின்றுவிடுவார். அவர் போனபிறகு எங்கள் தெருவில் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுச் சுற்றி வருகிறார்கள். நான் பதிவு செய்து வைத்திருப்பது மூன்று பாட்டுதான். அது எனக்குத் தீராத வருத்தம்.

மாற்றமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கொங்கு நாட்டு வள்ளி ஒயில் கும்மி நெடுங்காலம் ஆண்கள் ஆடியது. அதைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த கோவைப் பக்கத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. இன்று அந்த மண்டலத்தில் பாவாடை தாவணியில் பள்ளிப் பிள்ளைகளும், அவர்களுக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய அம்மாக்களும் ஆடுகிறார்கள். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழு முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தலித் பெண்களுக்குப் பறையடித்து ஆடப் பயிற்சி கொடுக்கிறது. சாவு வீட்டில் ஆண்கள் அடிப்பது என்று ஒதுக்கி வைத்த பறையை, தீயில் வாட்டி, தோளில் மாட்டி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பிடித்துப் பெண்கள் வரிசையாக நடுமேடைக்கு வரும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். தமிழ்நாட்டுக்கு வெளியேயும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ராஜஸ்தானின் குலாபோ சபேரா பிறந்தவுடனே பெண் என்பதற்காக மண்ணில் புதைக்கப்பட்டு மீட்கப்பட்டவர். அவர் உலகமெல்லாம் கொண்டுபோன கால்பேலியா ஆட்டத்தை 2010-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கர்நாடகத்தின் திருநங்கை மஞ்சம்மா ஜோகதி அந்த மாநில ஜானபத அகாடமிக்கே, அதாவது நாட்டுப்புறக் கலை அகாடமிக்கே, தலைவராக இருந்தவர்.

எப்படிக் கொண்டாடுவது என்றால், மகளிர் தினத்தன்று பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். உங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டியில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால், ஆட வரும் பெண்களுக்குக் கழிப்பறையுள்ள ஒரு வீட்டையோ பள்ளிக்கூட அறையையோ ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பேசிய பணத்தை மேளம் கட்டுவதற்கு முன்னாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். கலை பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதுவாரியாக விருது கொடுக்கிறது. உங்கள் தெருவில் ஆடுகிற பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்கலாம், நீங்கள் எழுதிப் போட்டுக் கொடுங்கள். கும்மிப் பாட்டு தெரிந்த கிழவி வீட்டில் இருந்தால் இன்றைக்கே போனை எடுங்கள், அவரைக் கைதட்டியே பாடவிடுங்கள்.

அக்கா இப்போது ஆடுவதில்லை. கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. தாயில்லாத ஒரு பெண்பிள்ளையைக் கூட வைத்துச் சொல்லிக்கொடுத்தார். போன சித்திரையில் அது முதல்முதலாகத் தனியாக ஆடியதை நான் போனில் எடுத்துவந்து காட்டினேன். நடுவில் ஓர் இடத்தில் செம்பு சரியப் பார்க்கிறது, பிள்ளை கையை மேலே கொண்டுபோகாமல் முழங்காலை மடக்கி அதைத் தலை நடுவுக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அக்கா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். போனைத் திருப்பித் தரும்போது, "மணல் ஒரு பிடி கூடப் போடணும்" என்றார். என்னிடம் இல்லை, உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையிடம்.