மசோதா என்னும் கறுத்த தாள்

அன்புள்ள ஐயா,

‘மசோதா’ வடமொழி, ‘சட்டமுன்வடிவு’ என்றுதான் எழுத வேண்டும் என்கிறார் எங்கள் தமிழாசிரியர். சரியா? இன்னொன்று, வீட்டிலிருக்கும் திருவிதாங்கூர்க் காலத்து மலையாளக் காகிதங்களைத் தமிழில் எழுதி வைக்கிறேன். அவற்றில் ‘சட்டம்’ என்று வருமிடத்தில் அப்படியே போடலாமா?

ப., தக்கலை

அன்புள்ள ப.,

மசோதா வடமொழி அல்ல. யசோதாவோடு எதுகை சேர்வதால் வரும் மயக்கம் அது. அரபியில் ‘முசவ்வதா’ என்றால் கறுப்பாக்கப்பட்டது. எழுதி, அடித்து, திருத்தி மையேறிப்போன முதல் பிரதி. திருத்தம் முடிந்து எடுத்தெழுதும் நகலுக்கு ‘முபய்யதா’, வெளுப்பாக்கப்பட்டது. பாரசீகமும் உருதுவும் கடந்து கச்சேரி, அதாவது அரசு அலுவலகக் காகிதங்களோடு சொல் நம்மிடம் வந்தது. இந்தியில் ‘மசௌதா’ எந்த வரைவையும் குறிக்கும். சட்டத்துக்கான வரைவை அவர்கள் ‘விதேயக்’ என்கிறார்கள். கூடவே வந்தவை ஷரத்து, அமல், ரத்து. மூன்றும் அரபிதான். ஒரு சட்டம் கருவாகி, நடமாடி, சாகிறவரை அரபி துணைக்கிருக்கிறது!

சட்டமுன்வடிவு நல்ல சொல். தமிழகச் சட்டமன்றம் அதைத்தான் ஆள்கிறது. அதிலுள்ள ‘முன்’ எனக்குப் பிடிக்கும். பேரவையில் நிறைவேறிய அன்றே ‘புதிய சட்டம்’ என்று தலைப்பிடுகிறார்களே, அந்தத் தவற்றை அது தடுக்கும். அறிமுகமாகி, பிரிவு பிரிவாக வாக்குக்கு வந்து நிறைவேறினாலும் அது மசோதாவே. அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவின்படி ஆளுநரிடம் போக வேண்டும். அவர் ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். மறுபரிசீலனைக்குத் திருப்பியும் அனுப்பலாம். வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவை மட்டும் அப்படித் திருப்ப முடியாது. ஒப்புதல் கிடைத்து அரசிதழில் வரும்போது சட்டத்துக்கென்று வேறு எண் விழும். மசோதா எண்ணை வைத்துக்கொண்டு சட்டத்தைத் தேடிக் கிடைக்காமல் திண்டாடுவது இதனால்தான். அமலுக்கு வரும் நாளைச் சில சட்டங்களுக்குப் பிறகு தனியே அறிவிப்பார்கள். பேச்சில் மசோதா என்றே சொல்லுங்கள், குற்றமில்லை.

இரண்டாவது கேள்விதான் வில்லங்கம். அப்படியே போடாதீர்கள். மலையாளத்தில் ‘நியமம்’ என்பதே நம் சட்டம். அவர்களுடைய ‘சட்டம்’ நமக்கு விதி, அதாவது ஒரு சட்டத்தின் கீழ் அரசு வகுப்பது. அப்படியே போட்டால், அரசு வகுத்த விதி சபை இயற்றிய சட்டமாகிவிடும். (பள்ளியில் ஒழுங்கு பார்த்த சட்டாம்பிள்ளைதான் அங்கே சட்டம்பி. இன்று அந்தச் சொல்லுக்கு ரௌடி என்று பொருள். ஒழுங்கு பார்த்தவனுக்கு வந்த கதி!)

‘ரெகுலேஷன்’ என்று கண்டால் விதி என்றோ ஒழுங்குமுறை என்றோ எழுதிவிடாதீர்கள். திருவிதாங்கூரில் 1888-இல் சட்டசபை தொடங்கிய பிறகும் நெடுங்காலம் முழுச் சட்டங்களுக்கே அந்தப் பெயர்தான். ஆண்டு கொல்லம் என்னும் மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். 1100-ஆம் ஆண்டின் 2-ஆம் ரெகுலேஷன், நாயர் சட்டம், 1925-ஐச் சேர்ந்தது. ஆங்கில ஆண்டு காண, ஆவணிப் பிறப்பிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள். ஜனவரி பிறந்துவிட்டால் 825. மாதம் தெரியாத காகிதத்தில் இரண்டு ஆண்டையும் சாய்கோடிட்டு எழுதி வையுங்கள்.