ஊர் பேர்

கேள்வி: நடிகர் டெல்லி கணேஷ் மறைந்துவிட்டார். நானூறு படங்களுக்கு மேல் நடித்தவர். கடைசிவரை ஓர் அடைமொழி நடிகராகவே இருந்துவிட்டாரே! அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற என் ஆதங்கம் நியாயம்தானா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: ஆதங்கம் அப்படியே ஓரமாக இருக்கட்டும். 'அடைமொழி நடிகர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் பிடித்துக்கொள்கிறேன். ஏதோ குறை சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பாராட்டாகத்தான் படுகிறது.

தமிழ் சினிமாவில் பட்டம் உள்ளவர்கள் உண்டு, அடைமொழி உள்ளவர்கள் உண்டு. பட்டம் டைட்டில் கார்டில் தனி வரியில், தனிச் சத்தத்தோடு வரும். அடைமொழி பெயரோடு ஒட்டிக்கொண்டு சத்தம் போடாமல் வரும். பட்டத்தைக் கழற்றிவிட்டாலும் ஹீரோ யாரென்று தெரியும். அடைமொழியைக் கழற்றிவிட்டால் ஆளையே காணோம். மூர்த்தி பிரமாதமாக நடித்தார் என்று நான் சொன்னால், எந்த மூர்த்தி என்று கேட்பீர்கள். வெண்ணிற ஆடை என்று சொல்லத் தொடங்கும்போதே சிரித்துவிடுவீர்கள். எது பெரிசு?

(பட்டங்களைப் பற்றி முன்பு ஒருமுறை இந்தப் பக்கத்தில் எழுதியபோது வந்த கண்டனக் கடிதங்களை எடைக்குப் போட்டதில் ஆபீசுக்கு ஒரு டேபிள் ஃபேன் வந்தது. இன்னொரு ஃபேன் தேவைப்படுகிறது. எழுதுங்கள்.)

தேங்காய், ஓமக்குச்சி, பசி, காத்தாடி, டைப்பிஸ்ட், நிழல்கள். வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஞாபகமறதிக்காரர் எழுதிய மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நாடகத்திலோ படத்திலோ உழைத்துச் சம்பாதித்தது. சீனிவாசன் மேடையில் தேங்காய் வியாபாரியாக வந்து போனார்; தேங்காய் அவரோடு கடைசிவரை இருந்தது. எந்த ரசிகர் மன்றமும் கூடித் தீர்மானம் போடவில்லை. 1965இல் வந்த 'வெண்ணிற ஆடை'யில் மூர்த்திக்கும் நிர்மலாவுக்கும் ஆளுக்கு ஓர் ஆடை கிடைத்தது. அதே படத்தில் தமிழுக்கு அறிமுகமான ஜெயலலிதாவுக்கு அது தேவைப்படவில்லை. பிற்பாடு கிடைத்த அடைமொழி வேறு மாதிரி.

இப்போது கணேசன்களுக்கு வருவோம். ஒரு கணேசனுக்கு மராட்டிய மன்னரின் பெயர் கிடைத்தது, அதைக் கொடுத்தவர் பெரியார். இன்னொரு கணேசனுக்கு அவர் வேலை பார்த்த ஸ்டூடியோவின் பெயர். மன்னரும் போய், ஸ்டூடியோவும் போய்விட்ட பிறகு மூன்றாவதாக ஒருவர் வந்து நின்றார். என்ன கொடுப்பது? பாலசந்தர் நாட்டின் தலைநகரத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டார். 'பட்டினப் பிரவேசம்' படத்தில் ஏற்கெனவே ஒரு ஜெய்கணேஷ் வேறு இருந்தார். ஒரே படத்துக்கு இரண்டு கணேஷ் என்றால் ஊரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

ஊர் என்றால், சொந்த ஊர் டெல்லி இல்லை. தென்காசிக்காரரான உங்களுக்குத் தெரிந்திருக்கும்: வல்லநாடு. நெல்லையிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில் தாமிரபரணியை ஒட்டி இருக்கிறது, வெளிமான் சரணாலயம் உள்ள ஊர். 1944 ஆகஸ்டில் பிறந்து, இருபது வயதில் விமானப்படையில் சேர்ந்து, பத்து வருடம் அங்கே இருந்தார். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா என்று தமிழர்கள் நடத்திய குழுவில் நடிக்க ஆரம்பித்தார். அப்புறம் சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்தார். விமானத்தை விட்டுவிட்டுக் காத்தாடியைப் பிடித்த ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார்.

இதே ஊர் அடைமொழி கச்சேரி மேடைக்குப் போனால் அதற்கு வருகிற மரியாதையே வேறு. அரியக்குடி, செம்மங்குடி என்று ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதும், ஆள் யாரென்று கேட்கிறவன்தான் தலைகுனிய வேண்டும். அங்கே ஊர் முன்னால் வந்தால் வித்வான், சினிமாவில் ஊர் முன்னால் வந்தால் 'துணை நடிகர்' என்று நினைத்துக்கொள்கிறோம். உங்கள் ஆதங்கத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

கச்சேரி என்றதும் ஒரு வேடிக்கை ஞாபகம் வருகிறது. 'சிந்து பைரவி'யில் (1985) டெல்லி கணேஷ் மிருதங்க வித்வான். பாத்திரத்தின் பெயர் குருமூர்த்தி. ஐந்து வருடம் கழித்து 'மைக்கேல் மதன காம ராஜ'னில் சமையல்காரர். பெயர் பாலக்காடு மணி ஐயர்! அது ஒரு மிருதங்க மேதையின் பெயர் என்பது சங்கீதம் கேட்கிறவர்களுக்குத் தெரியும். மிருதங்கம் வாசித்தபோது கொடுக்காத பெயரை, சாம்பாரில் மீன் விழுந்த கல்யாணத்துக்குச் சமைக்க வந்தவருக்குக் கொடுத்தார்கள். இந்தக் குறும்பை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. கவனித்தவர்கள் சபாவில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர்களாக இருப்பார்கள்.

சரி, 'உரிய இடம்'. அந்தக் குருமூர்த்தியைத் திரும்பப் பாருங்கள். கச்சேரிக்குக் குடித்துவிட்டு வந்து உட்காருகிறார். பாடகர் ஜே.கே.பி.யாக நடித்த சிவகுமாருக்கு வாடை தெரிந்துவிடுகிறது. மிருதங்கக்காரரை அனுப்பிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் பாடுகிறார். தியேட்டரில் கை தட்டினோம், பாடகருக்கு. அந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது எழுந்து போகிறவரின் முகம். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, சபைக்கு நடுவில் பிடிபட்ட மனிதனின் கூச்சம் மட்டும். வசனம் எழுதி வரவழைக்கிற விஷயமில்லை அது.

மிருதங்கக்காரர் ஜனங்களைப் பார்த்து உட்காருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? பக்கவாட்டில், பாடுகிறவர் முகம் தெரிகிற மாதிரி உட்காருவார். டெல்லி கணேஷ் நடித்ததும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் கண் அந்த ஆளின் வாயிலேயே இருக்கும். தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருக்கிற நடிகரின் கண்ணுக்கும், இவர் இன்னும் என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்துகொண்டிருக்கிற மனிதரின் கண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது வகைக் கண் நம்மிடம் ஏராளம். 'அவ்வை சண்முகி'யில் விஸ்வநாத ஐயரின் உதவியாளர் சேதுராம ஐயராக அவர் செய்தது முழுக்க இந்த இரண்டாவது வகை. முதலாளியாக நடித்தவர் ஜெமினி கணேசன். ஸ்டூடியோ கணேசனுக்குத் தலைநகரக் கணேஷ் கைகட்டி நிற்கிறார்! 'நாயக'னில் வேலு நாயக்கருக்காக இந்தியில் பேசுகிற ஐயர். அங்கே மட்டும் டெல்லி அவருக்கு நேரடியாக உதவியது. 'அபூர்வ சகோதரர்க'ளில் நான்கு வில்லன்களில் ஒருவர். அந்த முகத்தில் வில்லத்தனத்தைக் கண்டுபிடித்தவருக்குத்தான் ஒரு பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

விருதுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி கடிதம் போடுவீர்கள். 'பசி' படத்துக்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு, 1994இல் கலைமாமணி. பெயரில் டெல்லியைச் சுமந்துகொண்டு நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் திரிந்தவருக்கு, டெல்லி ஒரு பத்மஸ்ரீகூடக் கொடுக்கவில்லை. இந்த இடத்தில் நீங்களும் நானும் ஒரே கட்சி.

2024 நவம்பர் 9ஆம் தேதி இரவு, சென்னை ராமாபுரம் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார். எண்பது வயது. மறுநாள் அறிக்கைகள் வரிசையாக வந்தன. 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்ற வாக்கியத்தை ஒவ்வொன்றிலும் தேடினேன், ஏமாற்றவில்லை. யார் போனாலும் ஈடு செய்ய முடியாது என்கிறார்கள். மறு வாரமே வேறொருவருக்குக் கால்ஷீட் பேசி ஈடு செய்துவிடுகிறார்கள். இரங்கல் எழுதுகிறவர்கள் அந்த நடிகர் நடித்த ஒரு காட்சியையாவது குறிப்பிட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால், முக்கால்வாசி அறிக்கை நின்றுவிடும்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. விமானப்படையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உடல்மேல் படைக்கொடியைப் போர்த்தி மரியாதை செய்தார்கள். அவர் படையை விட்டு வந்து அப்போது ஐம்பது வருடம் ஆகியிருந்தது. நானூறு படங்களில் கைகட்டி நின்றவர் முன்னால் சீருடைக்காரர்கள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். உரிய இடம் எங்கே என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த வரையில் அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் இருந்தது.

கடைசியாக ஓர் ஆபீஸ் ரகசியம். இந்தப் பத்திரிகையில் 'டெல்லி' என்று எழுதக்கூடாது, 'தில்லி' என்றுதான் எழுத வேண்டும் என்பது பதினைந்து வருடமாக என் உத்தரவு. அந்த ஊர்க்காரனே தில்லி என்கிறான், நமக்கென்ன டெல்லி? இதற்காக நான் போடாத சண்டை இல்லை; துணையாசிரியர் ஒருவர் என்னோடு ஆறு மாதம் பேசாமல்கூட இருந்தார். அஞ்சலிக் குறிப்பு பிழைதிருத்தத்துக்குப் போய்விட்டு என் மேஜைக்கு வந்தது. பிழை திருத்துகிறவர் கடமை தவறாதவர். தலைப்பிலிருந்து கடைசி வரிவரை ஏழு இடத்தில் 'தில்லி கணேஷ்' என்று திருத்தியிருந்தார்.

ஒன்று விடாமல் ஏழையும் நானே உட்கார்ந்து 'டெல்லி' ஆக்கினேன். எதிர் மேஜையிலிருந்து அந்தத் துணையாசிரியர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.