டாக்டர் விளம்பரம் செய்யலாமா? கட்டணத்தைப் போடலாம், படத்தைப் போடக்கூடாது

கேள்வி: என் மகள் குழந்தைகள் நல மருத்துவத்தில் எம்.டி. முடித்து, கரூரில் சொந்தமாக கிளினிக் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டுக் குழந்தைகள்தான் வருகிறார்கள். ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனிக்காரர்கள் மாதம் 35,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்று பேக்கேஜ் பேசுகிறார்கள். மகள் படத்துடன் ஃபிளெக்ஸ், கூகுள் ரிவ்யூ, பெற்றோர் பேசும் வீடியோ, 'ரெஃபரல்' எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். விளம்பரம் செய்தால் மெடிக்கல் கவுன்சிலில் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் செய்கின்றனவே?

பதில்: உறவினர் சொல்வது பாதி சரி. அந்தப் பேக்கேஜில் மட்டும் கையெழுத்துப் போடவேண்டாம்.

முதலில் கணக்கு. 35,000-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 41,300. மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், கட்டிய வரியைக் கடைக்காரர்கள் கழித்துக்கொள்வது போல உங்கள் மகளால் கழிக்க முடியாது. பீஸ் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் கிளினிக் திறந்தால், நாளொன்றுக்கு எட்டுக் குழந்தைகள் கூடுதலாக வரவேண்டும். அதாவது இப்போது வரும் கூட்டம் இரட்டிப்பானால்தான் கம்பெனிக்காரர் சம்பளமே தேறும். வாடகை, நர்ஸ் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் அதற்கப்புறம்.

இனி சட்டம். டாக்டர்களுக்கான நடத்தை விதிகள் 2002-இல் வந்தவை. நோயாளிகளை நேரடியாகவோ மறைமுகமாகவோ அழைப்பது நெறியற்ற செயல் என்று அவை சொல்கின்றன. போர்டிலும் லெட்டர்பேடிலும் சொந்தப் படம் போடுவதும் அப்படித்தான். மனித உடலின் வரைபடம் போட்டுக்கொள்ளலாமாம், டாக்டரின் முகம் கூடாதாம்! சிரிப்பு வந்தாலும் விதி அதுதான். போர்டு அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கக்கூடாது. பெயர், பட்டம், சிறப்புத் துறை, பதிவு எண், எந்த மாநில கவுன்சில் என்ற விவரம் போதும். மருந்துக்கடை முகப்பில் தன் பெயரைத் தொங்கவிடுவதும் முறையல்ல என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். மீறியது நிரூபணமானால் கவுன்சில் எச்சரிக்கலாம், டாக்டர்கள் பதிவேட்டிலிருந்து பெயரைச் சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். ஒரு ஃபிளெக்ஸுக்காக நிரந்தரமாக நீக்குவார்கள் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பக்கத்துத் தெரு டாக்டர் ஒரு புகார் எழுதிப் போட்டால், சென்னைக்கு அலையப்போவது உங்கள் மகள்தான். கம்பெனிக்காரர் வரமாட்டார்.

பெரிய ஆஸ்பத்திரிகள் எப்படிச் செய்கின்றன என்று கேட்டீர்கள். நியாயமான கோபம்தான். நர்சிங் ஹோம், தனியார் மருத்துவமனை போன்ற நிறுவனங்கள் பெயர், எந்த வகை நோயாளிகளைச் சேர்க்கிறார்கள், வசதிகள், கட்டணம் ஆகியவற்றை மட்டும் பத்திரிகையில் விளம்பரப்படுத்தலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த ஊசி நுழையும் இடத்தில்தான் அவர்கள் ஒட்டகத்தை ஓட்டிப்போகிறார்கள். ஒவ்வொரு சிக்னலிலும் கோட்டு போட்ட டாக்டர் கைகட்டி நிற்கும் பேனர் எந்த விதியில் இருக்கிறது? ஆனால் கவுன்சிலின் அதிகாரம் தன்னிடம் பதிவு செய்த டாக்டர் மேல்தான் செல்லும், ஆஸ்பத்திரி நடத்தும் கம்பெனி மேல் செல்லாது. அதனால் ஒற்றை அறை கிளினிக்தான் கண்ணில் படுகிறது. இதைச் சரிசெய்ய வாய்ப்பு வந்தது. 2023 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, சமூக ஊடகத்தில் டாக்டர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது வரை சொல்லிப் புது விதிகளைத் தேசிய மருத்துவ ஆணையத்தார் வெளியிட்டார்கள். மருந்துகளை ஜெனரிக் பெயரில், அதாவது கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப் பெயரில், எழுதச் சொன்ன பகுதிக்கு எதிர்ப்புக் கிளம்பியதும், 23-ஆம் தேதியே மொத்த விதிகளையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். மூன்று வாரம்! ஆக, ஸ்மார்ட்போனே இல்லாத காலத்தில் எழுதியதை வைத்துக்கொண்டுதான் இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 11,000-க்கும் மேல் எம்.பி.பி.எஸ். இடங்கள். வெளியே வருகிற பிள்ளைகள் நாலு பேருக்குத் தெரியவேண்டாமா?

சரி, செய்யக்கூடியதுக்கு வருவோம். ஒரு டாக்டர் பத்திரிகையில் முறைப்படி அறிவிப்புக் கொடுக்க ஏழு சந்தர்ப்பங்களை விதி அனுமதிக்கிறது. தொழில் தொடங்கும்போது கொடுக்கலாம். எட்டு மாதம் ஆகிவிட்டதால் உங்களுக்கு அது ஆறின கஞ்சி. முகவரி மாற்றம், ஊரில் இல்லாதது, திரும்பி வந்தது போன்றவையும் உங்களுக்குப் பொருந்தாது. கடைசியில் இருப்பது 'கட்டணத்தைப் பகிரங்கமாக அறிவித்தல்'. இதற்கு நாள் நட்சத்திரம் எதுவும் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டேன் என்கிறார்கள். டாக்டர் விளம்பரப்படுத்தலாம் என்று சட்டமே கையில் கொடுத்த விஷயம் பீஸ்தான், அதை மட்டும்தான் யாரும் வெளியே சொல்வதில்லை. அறிவிப்புக்கு அனுமதி என்பது ஒருபுறம், கிளினிக்கில் கட்டணத்தைப் போர்டில் எழுதி வைப்பது கட்டாயம் என்று அதே விதிகளில் இன்னொரு இடத்தில் இருக்கிறது. எத்தனை கிளினிக்கில் பார்த்திருக்கிறீர்கள்?

கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரவு ஏழு மணிக்குக் கிளம்பும் தாய்க்கு முதல் பயம் காய்ச்சல், இரண்டாவது பயம் 'எவ்வளவு கேட்பார்களோ'. உள்ளூர்ப் பேப்பரில் சின்னக் கட்டத்தில் இப்படிப் போடுங்கள்: டாக்டர் பெயர், பட்டம், பதிவு எண், முகவரி, பார்வை நேரம், ஆலோசனைக் கட்டணம் இவ்வளவு, அதே காய்ச்சலுக்கு ஐந்து நாளுக்குள் திரும்ப வந்தால் இவ்வளவு, தடுப்பூசி போடும் கட்டணம் இவ்வளவு. 'கைராசியான', 'கரூரின் நம்பர் ஒன்', 'அன்பும் அரவணைப்பும்' எதுவும் வேண்டாம். அவை வந்த நிமிடமே அது அறிவிப்பு அல்ல, விளம்பரம். பேப்பருக்குள் செருகும் நோட்டீஸும் வேண்டாம். விதி சொல்வது பத்திரிகை அறிவிப்பை, நோட்டீஸ் என்றால் வாதாட வேண்டியிருக்கும்.

பேக்கேஜில் இருக்கும் மற்றவற்றைப் பார்ப்போம். பெற்றோர் பேசும் வீடியோ கூடவே கூடாது. குணப்படுத்தியதைப் பெருமை பேசுவதையும், அப்படிப் பேசுவதை வெளியிட விடுவதையும் விதி தடுக்கிறது. அதோடு பிள்ளையின் முகமும் நோயும் இணையத்தில் என்றைக்கும் கிடக்கும். காசு கொடுத்து வாங்கும் ரிவ்யூ சுத்த மோசடி. ஒரே வாரத்தில் நாற்பது ஐந்து நட்சத்திரம், எழுதியவர்கள் பாதிப்பேர் ராஜஸ்தானில் டைல்ஸ் கடைக்கும் எழுதியிருப்பார்கள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? உண்மையான ரிவ்யூ ஒன்று கெட்டதாக வந்தால், மகள் கோபத்தில் 'உங்கள் குழந்தைக்கு வலிப்பு இருந்ததை நீங்கள் மறைத்தீர்கள்' என்று பதில் எழுதிவிடக்கூடாது. அது நோயாளியின் ரகசியத்தை ஊருக்குச் சொல்வது. 'கிளினிக்குக்கு வந்து பேசுங்கள்' என்ற ஒரு வரி போதும்.

'ரெஃபரல்' என்பதுதான் பெரிய வலை. பி.ஆர்.ஓ. என்று ஒருவர் பைக்கில் கிராமங்களுக்குப் போய், மருந்துக்கடைக்காரர், ஆம்புலன்ஸ் டிரைவர், ஊசி போடும் போலி என்று எல்லோருக்கும் கவர் கொடுத்துவிட்டு வருவார். ஆள் அனுப்பினால் கமிஷன் என்பதே இதன் பொருள். நோயாளி பிடிக்க ஏஜென்ட் வைப்பதும், அனுப்பியதற்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் விதிகளில் வெளிப்படையாகவே தடை. லேப்காரர் மாதக்கடைசியில் நீட்டும் கவரும் இதே கணக்கில்தான் வரும். அப்புறம், 'சிறந்த இளம் மருத்துவர் விருது, நட்சத்திர ஹோட்டலில் விழா, ஸ்பான்சர் தொகை மட்டும் கட்டினால் போதும்' என்று போன் வரும். வைத்துவிடுங்கள்.

கூகுள் மேப்பில் கிளினிக்கைச் சேர்க்கக் காசு வேண்டாம். மகளே தன் ஜிமெயிலில் செய்யலாம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கம்பெனிக்காரர்கள் தங்கள் ஜிமெயிலில் கணக்குத் தொடங்கி, முதன்மை உரிமையாளர் என்ற இடத்தில் தங்கள் பெயரையே வைத்துக்கொள்வார்கள். வெப்சைட் பெயரும் அவர்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கும். ஆறு மாதம் கழித்து நீங்கள் நிறுத்தினால், கிளினிக் இருக்கும் இடத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று காட்டவும் அவர்கள் கையால் முடியும். ஏற்கெனவே ஏதாவது தொடங்கிக் கொடுத்திருந்தால், இந்த வாரமே உரிமையை மகள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள்.

தடுப்பூசி பற்றியும் வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றியும் பள்ளியிலோ யூடியூபிலோ பேசலாம், சொந்தப் பெயரிலேயே பேசலாம். பொதுச் சுகாதாரம் பேச விதி இடம் தருகிறது. கடைசியில் கிளினிக் போன் நம்பரைக் காட்டாமல் இருந்தால் சரி.

பேப்பரில் அறிவிப்புக் கொடுக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி கிளினிக் பதிவாகியிருக்கவேண்டும். அறிவிப்பைப் பார்த்துவிட்டு வரும் முதல் விசாரணை அதைப் பற்றியதாகத்தான் இருக்கும். மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பித்தும் சான்றிதழ் வரவில்லை என்றால், விண்ணப்பித்த ஒப்புகையின் நகலைக் கிளினிக்கிலேயே ஒரு ஃபைலில் வைத்துவிட்டு, அப்புறம் பேப்பர்காரரிடம் போங்கள்.