கெர்னலுக்குள் நேரம்: வாசகர் கேள்வி–பதில்

கே: சொந்தமாக ஒரு சின்ன கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) எழுதுகிறேன். பிராசசர் 2.4 கிகாஹெர்ட்ஸ். பிஐடி டைமரை (கணினியில் நிலையான வேகத்தில் எண்ணும் சில்லு) வைத்து அதன் வேகத்தை அளந்தால் ஒரு தடவை 2,396 மெகாஹெர்ட்ஸ், மறு தடவை 2,700 காட்டுகிறது. எது சரி?
– பொறியியல் மாணவர், பாளையங்கோட்டை

ப: டைமர் நொடிக்கு 11,93,182 தடவை எண்ணும், அது இவ்வளவு பிசகாது. தொடக்கத்தையும் முடிவையும் பிடிக்கிற இடத்தில்தான் கோளாறு. இன்டரப்ட்டை (நடக்கும் வேலையை இடைமறிக்கும் அழைப்பை) முதலில் அணையுங்கள். ஹெக்ஸ் 61 போர்ட்டில் 0-ஆம் பிட்டை 1 ஆக்கி, 1-ஆம் பிட்டை 0 ஆக்குங்கள், ஸ்பீக்கர் கத்தாது. ஹெக்ஸ் 43-க்கு பி0 அனுப்பினால் சேனல் 2, மோடு 0 (எண்ணி முடிந்ததும் சிக்னல் 1 ஆகும்). பிறகு ஹெக்ஸ் 42-இல் 59,659 என்ற எண்ணைக் கீழ் பைட், மேல் பைட் என்று எழுதுங்கள். அது 50 மில்லிநொடி. கவுண்டர் 16 பிட்தான், 55-ஐத் தாண்ட வழியில்லை.

மேல் பைட்டை எழுதுவதற்குச் சற்று முன்பே ஆர்டிடிஎஸ்சி கட்டளையால் டிஎஸ்சி (பிராசசருக்குள் இருக்கும் துடிப்பு எண்ணி) அளவை எடுத்துவிடுங்கள். ஹெக்ஸ் 61-இன் 5-ஆம் பிட் 1 ஆனதும் மறுபடி எடுங்கள். வித்தியாசத்தை 20-ஆல் பெருக்கினால் ஹெர்ட்ஸ். பயாஸ் நடுவில் புகுந்து பிராசசரைப் பிடித்துக்கொள்ளும் எஸ்எம்ஐ-யை உங்களால் அணைக்க முடியாது. ஆனால் இந்த வரிசையில் எந்தக் குறுக்கீடும் எண்ணைக் கூட்டுமே தவிர குறைக்காது. ஐந்து தடவை அளந்து ஆகக் குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 2,700 அப்படி வீங்கியதாகத்தான் இருக்கும். கியூஎமு என்ற போலிக் கணினிக்குள் ஓட்டினால் இன்னும் வீங்கும், ஒவ்வொரு போர்ட் வாசிப்பும் அதற்கு வெளியே போய்த் திரும்புவதால்.

ஒன்று: இப்படி அளப்பது டிஎஸ்சி ஓடும் வேகத்தை. இப்போதைய பிராசசர்களில் டர்போ ஏறினாலும் அது மாறாது. கோரின் நிஜ வேகம் வேண்டுமென்றால் ஏபெர்ஃப் ரெஜிஸ்டரின் (நிஜத் துடிப்புகளை எண்ணுவது) ஏற்றத்தை எம்பெர்ஃப் ரெஜிஸ்டரின் (நிலையான வேகத்தில் எண்ணுவது) ஏற்றத்தால் வகுத்து, டிஎஸ்சி வேகத்தால் பெருக்குங்கள்.

கே: லினக்ஸில் போகோமிப்ஸ் என்ற எண் 4,800 என்கிறதே, அதுதான் வேகமா?
– வள்ளியூர் வாசகர்

ப: இல்லை. டிஎஸ்சி உள்ள இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அது டிஎஸ்சி மெகாஹெர்ட்ஸின் இரு மடங்கு, அவ்வளவுதான். அதை வைத்து இரண்டு கணினிகளை ஒப்பிடாதீர்கள்.

கே: பிசான நெல் போட்டிருக்கும் குடோனில் ஈரப்பதம் பார்க்க, ராஸ்பெர்ரி பையில் டிஹெச்டி22 சென்சாருக்கு டிரைவர் எழுதினேன். எம்ஸ்லீப் 1 (1 மில்லிநொடி தூங்கு) கொடுத்தால் 20 மில்லிநொடி ஆகிறது. செக்சம்மும் (தரவு சரியா என்று பார்க்கும் கூட்டல்) அடிக்கடி தப்புகிறது.
– அம்பாசமுத்திரம் வாசகர்

ப: ஹெச்இஸட் (நொடிக்கு எத்தனை டிக்) 100 உள்ள கெர்னலில் ஒரு டிக் 10 மில்லிநொடி. கேட்டதற்குக் குறையாமல் தூங்க வேண்டுமே என்று கெர்னல் ஒரு டிக் சேர்த்துக்கொள்ளும், அதனால் 20 வரை போகும். அந்த இடத்தில் யூஸ்லீப் ரேஞ்சில் 1,100 முதல் 1,500 மைக்ரோநொடி கொடுங்கள்.

செக்சம் தப்புவதற்குக் காரணம் வேறு. சென்சாரின் சிக்னல் 0 பிட்டுக்கு சுமார் 27, 1 பிட்டுக்கு 70 மைக்ரோநொடி மேலே நிற்கும். யூடிலே 40 (40 மைக்ரோநொடி காத்திரு) வைத்துவிட்டுப் பின்னைப் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. யூடிலே குறைந்தபட்சத்துக்குத்தான் பொறுப்பு. நடுவில் ஒரு இன்டரப்ட் வந்து 75-இல் பார்த்தால் 1 என்பது 0 ஆகிவிடும். சிக்னல் ஏறும், இறங்கும் இரண்டு விளிம்புக்கும் இன்டரப்ட் வைத்து, ஒவ்வொன்றிலும் கேடைம் கெட் தரும் நேரத்தைக் குறித்து, 40 பிட்டும் வந்த பிறகு கணக்குப் பாருங்கள். உண்மையில் டிரைவரே எழுத வேண்டியதில்லை: கெர்னலிலுள்ள டிஹெச்டி11 டிரைவர் 22-ஐயும் இதே வழியில் வாசிக்கும். எதில் வாசித்தாலும் 2 நொடி இடைவெளி விடுங்கள், அதற்குள் கேட்டால் பழைய அளவுதான் கிடைக்கும்.